த்ரீ நாட் த்ரீயா, 9 எம்எம் பிஸ்டலா: காவலர் கையில் எது இருக்க வேண்டும்?

2008 நவம்பர் 26 இரவு மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்துக்குள் நுழைந்த பயங்கரவாதிகள் இருவரிடமும் ஏகே ரகத் துப்பாக்கி, மேகசினுக்கு (தோட்டா அடுக்கும் பெட்டி) 30 தோட்டா. எதிரே நின்ற காவலர்களிடம் பழைய .303 (த்ரீ நாட் த்ரீ) துப்பாக்கியும் லத்தியும். இதைச் சொல்லிவிட்டு, எல்லாக் காவலருக்கும் ஏகே 47 கொடுங்கள் என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கோபம் எனக்கும் உண்டு, ஆனால் அந்த முடிவு தவறு.

முதலில் .303. நம்பகமான துப்பாக்கி, குறியும் நன்றாக நிற்கும். ஆனால் ஒவ்வொரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்ற போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும், மேகசினில் 10 தோட்டாதான். 1962 சீனப் போரிலேயே இதன் போதாமை தெரிந்து ராணுவம் எஸ்எல்ஆர் என்ற நீளத் துப்பாக்கிக்கு மாறியது, உத்தரப் பிரதேசக் காவல்துறையோ 2020 குடியரசு நாளில்தான் இதற்கு விடை கொடுத்தது. அதைவிடப் பெரிய சிக்கல், இது சுமார் நாலு கிலோ எடை, ஒரு மீட்டருக்கு மேல் நீளம். செயின் பறித்து ஓடுகிறவனை இதைத் தூக்கிக்கொண்டு எப்படித் துரத்துவது? சந்தைத் தெருவில் சுட்டால் குண்டு ஒருவரைத் துளைத்துப் பின்னால் நிற்பவரையும் தாக்கும்.

எஸ்எல்ஆர் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும், மேகசினில் 20. ஆனால் குண்டின் வேகமும் துளைக்கும் பலமும் .303 அளவுக்குக் குறையாதவை. சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் எதிரிக்காகச் செய்த ஆயுதம் அது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் சீருடை இல்லாத காவலர் வாகனத்தின் மேலே நின்று நீளத் துப்பாக்கியால் குறிபார்த்த காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேரின் உயிர் போய்விட்டது. கூட்டத்தின் முன்னால் இந்த ரகத் துப்பாக்கிக்கு வேலையே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இன்சாஸ் துப்பாக்கியும் இதே வகைதான்: சின்னக் குண்டு, உதைப்பும் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏகே 47? மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மகாராஷ்டிரா உருவாக்கிய ஃபோர்ஸ் ஒன் மாதிரியான தனிப்பயிற்சி பெற்ற படைக்குச் சரி. ரோந்துக் காவலருக்கு வேண்டாம்.

மிச்சம் இருப்பது 9 எம்எம் பிஸ்டல். இடுப்பு உறையில் இருக்கும், இரண்டு கையும் காலியாக இருக்கும். இஷாப்பூரில் செய்கிற பிஸ்டலில் 13 தோட்டா, க்ளாக் 17 என்றால் 17, அது தோட்டா நிரப்பியும் ஒரு கிலோகூட வராது. பழைய .38 ரிவால்வரில் ஆறுதான், ஆனால் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை இன்னொரு தடவை இழுத்தால் போதும், அந்த எளிமை பிஸ்டலில் இல்லை. அதே மும்பை இரவில் கிர்காம் சௌபாத்தி தடுப்புச் சோதனையில் அந்த இருவரில் ஒருவனான இஸ்மாயில் கானை வீழ்த்தியது காவல்துறையின் கைத்துப்பாக்கிதான். இன்னொருவனான கசாப்பின் துப்பாக்கிக் குழலை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கினார் காவலர் துக்காராம் ஓம்ப்ளே. அதனால்தான் கசாப் உயிரோடு சிக்கினான்.

பிஸ்டலுக்கும் ஒரு பெரிய குறை உண்டு: குறிபார்த்துச் சுடுவதற்கு மிகக் கடினமான ஆயுதம் அதுதான். குழல் குட்டை, தோளில் அணைத்துப் பிடிக்க முடியாது, கை லேசாக நடுங்கினாலும் 25 மீட்டரில் குறி தப்பிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை நாலு ரவுண்டு சுடவைத்துக் கணக்கு எழுதினால் அது பயிற்சி ஆகாது. அதனால் என் தேர்வு இது: ரோந்துக்குப் பிஸ்டல், பந்தோபஸ்துக்குத் தடுப்புக் கவசமும் கண்ணீர்ப்புகையும், நீளத் துப்பாக்கி வண்டிக்குள் பூட்டி. பிஸ்டல் வாங்கும் அதே ஆணையிலேயே பயிற்சித் தோட்டாவுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால் பிஸ்டலையும் வாங்க வேண்டாம்.