கடல் கரையைச் செதுக்குவதைக் காட்ட ஜூஹுவா, பாண்ட்ராவா?

மகள் ஏழாம் வகுப்பு. புவியியல் பாடத்தில் கடல் குகை, கடல் வளைவு, கடல் தூண் என்று வரிசையாக ஒரு படம், அதற்குக் கீழே நாலு வரி. "கடலுக்குப் பக்கத்துலதானே இருக்கோம், இதை நேர்ல பார்க்க முடியாதாப்பா?" என்றாள். மும்பை செம்பூரில் 14 வருடமாக இருக்கிறேன், கடலை நான் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆக இரண்டு இடத்துக்கும் கூட்டிப்போய்ப் பார்த்தோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாண்ட்ரா. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அது தெரியாமல் முதல் தடவை போய் நன்றாக ஏமாந்தோம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், படத்தில் இருக்கிற வளைவும் தூணும் இரண்டு இடத்திலும் கிடையாது. அவற்றைத் தேடிப் போனால் இரண்டுமே ஏமாற்றம்தான்.

சாப்பாடு, கூட்டம், குழந்தை ஓடியாட இடம், வயதானவர்கள் உட்கார வசதி, இதிலெல்லாம் ஜூஹுதான். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஜூஹுவில் பாடத்துக்கு என்ன கிடைக்கும் என்றால், அலை வேலை செய்வது கண்ணெதிரே தெரியும். அலை நேராக வருவதில்லை, கொஞ்சம் சாய்வாக வந்து மணலில் ஏறும், இறங்கும்போது மட்டும் சரிவைப் பார்த்து நேராக இறங்கும். அதனால் ஒவ்வொரு அலைக்கும் மணல் துகள் கரையோரமாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டே போகிறது. காலி இளநீர் மட்டை ஒன்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு, போட்ட இடத்தில் செருப்பை அடையாளம் வைத்தோம். கால் மணி நேரத்தில் மட்டை எங்கேயோ போயிருந்தது. சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு இதே சங்கதியை மெரினாவை வைத்துச் சொன்னால் உடனே புரியும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல் சுவர் எழுப்பியதும், தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் சுவரில் முட்டித் தேங்கியதால்தான் மெரினா இத்தனை அகலம். சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் வர வேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. அப்புறம், மழைக்காலத்து அலை செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து மணலை உள்ளே இழுத்துக்கொண்டு போகும், அக்டோபருக்குப் பிறகு வரும் சோம்பேறி அலை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து போடும். அதனால் ஜூஹுவை வருடத்தில் இரண்டு தடவை, ஜூலையில் ஒன்றும் பிப்ரவரியில் ஒன்றுமாகப் பார்த்தால்தான் முழுப்பாடம். நான் மழைக்காலத்தில் போனது ஒரே முறை, அதுவும் குடையோடு பத்து நிமிடம், எனவே இந்த விஷயத்தில் என் பேச்சை ரொம்ப நம்ப வேண்டாம்.

ஜூஹுவோடு எனக்குள்ள குறை, எல்லாம் அழிந்துவிடுகிறது என்பதுதான். அலை வரைந்ததை அடுத்த அலை அழிக்கிறது. குழந்தை கை வைத்துத் தொட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதோடு, வெயில், மழை, உப்பு இவையெல்லாம் பாறையைச் சிதைப்பது பாடத்தில் பாதி. மணலில் அந்தப் பாதி ஏற்கெனவே எங்கேயோ முடிந்துபோய் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பாண்ட்ரா பேண்ட்ஸ்டாண்டில் அந்தப் பாதி இருக்கிறது. பங்களாக்களுக்கு முன்னால் செல்பி எடுக்கிற கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றால், எதிரே கரும்பாறைத் தளம், ஏறக்குறைய மட்டமாகக் கடலுக்குள் இறங்கிப் போகும். எரிமலைக் குழம்பு உறைந்த பாறை, வயது 6 கோடி வருடத்துக்கு மேல். அது ஏன் மட்டமாக இருக்கிறது என்பதுதான் மகள் கேட்ட முதல் கேள்வி, நல்ல கேள்வி. அலை எப்போதும் நிலத்தின் அடிவயிற்றில்தான் அடிக்கும். அடி குடைந்ததும் மேலே இருப்பது இடிந்து விழும், விழுந்த கற்களையே எடுத்து அலை மறுபடி அடிக்கும். நிலம் பின்வாங்கப் பின்வாங்க, குடைந்த மட்டத்தில் ஒரு மேடை மட்டும் மிஞ்சும். அந்த மேடையில்தான் நாங்கள் நின்றிருந்தோம்.

பாறை விரிசலுக்குள் அலை பாயும்போது உள்ளே இருக்கிற காற்று நசுங்குகிறது, தண்ணீர் பின்வாங்கியதும் அது படாரென்று விரிகிறது. காதை வைத்துக் கேட்டால் சில விரிசல்களில் "டுப்" என்று சத்தமே வரும். அலை படாத மேல் பாறைகளில் இன்னொரு கை வேலை செய்கிறது. சின்னச் சின்னக் குழிகளில் தெறித்த உப்புத்தண்ணீர் வெயிலில் காய்கிறது, உப்பு படிகமாகி வளரும்போது பாறைத் துகளை நெம்பித் தள்ளுகிறது, குழி கொஞ்சம் பெரிதாகிறது, அடுத்த தடவை அதில் இன்னும் கொஞ்சம் உப்பு. கடலோர பில்டிங்குகளில் பால்கனிச் சுவர் பூச்சு பொரிந்து உதிர்வதிலும் இதே உப்புக்குப் பங்கு உண்டு என்றேன், அது அவளுக்கு உடனே பிடிபட்டது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் சிற்பங்களின் முகம் மழுங்கிக் கிடப்பதும் இந்த உப்புக்காற்றால்தான், அதுவும் 8ஆம் நூற்றாண்டுக் கருங்கல் வேலை. சில பாறைகள் உருண்டையாகி, வெங்காயம் மாதிரி தோல் தோலாக உரிகின்றன. கற்கண்டை வாயில் போட்டால் முதலில் முனைதானே கரையும்? பாறையிலும் மூலையை மூன்று பக்கத்திலிருந்தும் தண்ணீர் தாக்குவதால் அது முதலில் போய், உருண்டை மிஞ்சுகிறது.

இன்னும் தெற்கே நடந்தால் கோட்டை, போர்த்துகீசியர் 1640இல் கட்டியது. நிலம் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடம். ஆழம் குறையும் பக்கம் அலையின் வேகமும் குறைவதால், வருகிற அலை வளைந்து மூக்கை நோக்கித் திரும்பும், அடி எல்லாம் மூக்குக்குத்தான். மறுபக்கம் மாஹிம் வளைகுடாவில் அதே அலை பரந்து தளர்ந்துவிடுகிறது, அங்கே சேறும் அலையாத்திச் செடிகளும். கோட்டையிலிருந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினால் போதும், படம் வரையவே தேவையில்லை.

சரி, நிபந்தனைக்கு வருகிறேன். முதல் தடவை நாங்கள் போனது அமாவாசைக்கு மறுநாள், ஞாயிறு, நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றரைக்கு. பாறையே இல்லை. மொத்தமும் தண்ணீருக்கடியில், சுவரில் அலை மோதிக்கொண்டிருந்தது. பேல்பூரி சாப்பிட்டுத் திரும்பினோம். ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே, "பர்த்தி நேரத்துல வந்தா எப்படி, ஓஹோட்டி பார்த்து வரணும்" என்றார். மராத்தியில் பர்த்தி என்றால் கடல் ஏற்றம், ஓஹோட்டி என்றால் வற்றம். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 1 மீட்டர்தான் வித்தியாசம், அதனால் நமக்கு இது மண்டையில் ஏறுவதே இல்லை. மும்பையில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டி 4 மீட்டர் வரை போகும். இங்கே கடலடித் திட்டு அகலமாக, ஆழமில்லாமல் கிடக்கிறது, வடக்கே காம்பே வளைகுடா வேறு புனல் மாதிரி குறுகுகிறது, அதனால் தண்ணீர் குவிந்து ஏறுகிறது.

இதற்கு ஆப் இருக்கிறது, ஆனால் நான் இப்போது பார்ப்பது அம்மா மாட்டுங்காவில் வாங்கி மாட்டியிருக்கும் தினசரி காலண்டரை. மும்பையில் அமாவாசை, பௌர்ணமி வாக்கில் உச்சி வேளையில் ஏற்றம், காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமிக்குப் பிந்தைய ஓரிரு நாளில்தான் தண்ணீர் அதிகம் இறங்கும், எனவே அந்த நாட்களில் காலை ஏழு மணி வாக்கில் அங்கே இருந்தால் தளம் முழுக்க உங்களுக்கு. அஷ்டமி வாக்கில் வற்றம் நடுப்பகலுக்கு வந்துவிடும், வசதிதான், ஆனால் தண்ணீர் அரைகுறையாகத்தான் இறங்கும், நல்ல பாறைகள் வெளியே வராது. போகிற கிழமையைவிடத் திதிதான் முக்கியம். ஜூஹுவுக்கு இந்தத் தலைவலி கிடையாது, ஏற்றமானால் கரை குறுகும், வற்றமானால் அகலும், அவ்வளவுதான்.

திரும்புவதிலும் கணக்கு உண்டு. ஆறு மணி நேரத்தில் 4 மீட்டர் ஏறுகிற தண்ணீர் சீராக ஏறாது, நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி ஏறிவிடும், அதாவது மணிக்கு 1 மீட்டர். தளம் மட்டமாக இருப்பதால் நமக்குப் பின்னால் இருக்கிற பள்ளங்கள் முதலில் நிரம்பும். வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் நாங்கள் மேலே ஏறிவிட்டோம். பாசி படிந்த பாறையில் செருப்பு வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இறங்கவே வேண்டாம், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் போதும். பாறையில் நின்றவர்களை அலை இழுத்துப்போன செய்தி மழைக்காலங்களில் வரத்தான் செய்கிறது.

மெரைன் டிரைவைச் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். அங்கே கடலுக்கு முன்னால் நாலு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அது கடலைத் தடுப்பது பற்றிய பாடம், வேறு நாளைக்கு. உங்கள் குழந்தை ஆறு வயதுக்குக் கீழ் என்றாலோ, அதிகாலையில் கிளம்ப முடியாது என்றாலோ யோசிக்காமல் ஜூஹுவுக்குப் போய் இளநீர் மட்டையைப் போடுங்கள்.

மகள் இப்போது அவளே காலண்டரைக் கிழித்துப் பார்த்து நாள் குறிக்கிறாள். ஒரே சிக்கல், தண்ணீர் நன்றாக வற்றுகிற நாள் பல சமயம் பிரதமையாக வந்து விழுகிறது, பிரதமையில் வெளியே கிளம்பக்கூடாது என்று அம்மா பிடிவாதம். மறுநாள் துவிதியையும் பாறைக்கு மோசமில்லை என்பதால், அடுத்த தடவை அன்றைக்குப் போவதாகப் பேசி முடித்திருக்கிறோம்.