வயதான பேஸ்பால் அணி: கட்டிக்காப்பதா, கலைப்பதா?

நட்சத்திரங்களுக்கு வயது ஏறியதும் எந்த அணிக்கும் இந்தக் குழப்பம் வரும். அமெரிக்காவின் பிலடெல்பியா பில்லீஸ் அணி பழைய வீரர்களையே கட்டிக்காத்தது. சிகாகோ கப்ஸ் அணி கலைத்தது.

செலவு
பில்லீஸ்: நட்சத்திர அடிப்பாளர் ரயன் ஹோவர்டுக்கு 2010-லேயே 5 ஆண்டு, 12.5 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு. அது 2012-இல்தான் தொடங்கியது. அதற்குள், 2011 பிளேஆஃபில் கடைசி ஆளாக அவுட்டாகி ஓடும்போதே குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. சம்பளம் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை.
கப்ஸ்: 2016 கோப்பை நாயகர்கள் ரிஸ்ஸோ, பயஸ், பிரையன்ட் மூவரையும் 2021 ஜூலையில் வேறு அணிகளுக்குக் கைமாற்றியது. சம்பளச் சுமை குறைந்தது.

வெற்றி
பில்லீஸ்: 2011-இல் 102, 2012-இல் 81, 2015-இல் 63. மறுபடி பிளேஆஃப் 2022-இல்.
கப்ஸ்: 2021-இல் 71. பிளேஆஃப் 2025-இல். பயஸுக்கு ஈடாக வந்த இளம் வீரர் பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங் அதில் முக்கியமானவர்.

ரசிகர் மனசு
இரண்டிலும் வலிதான்.

பந்துவீச்சு இன்னும் வலுவாக இருந்து, இளைஞர்களும் மேலே வந்துகொண்டிருந்தால் இன்னும் ஓராண்டு கட்டிக்காக்கலாம். இல்லையென்றால் கலைப்பதே சரி, ஆனால் சீக்கிரம். கப்ஸ் விற்றபோது மூவருக்கும் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு. முன்னமே விற்றிருந்தால் இன்னும் நல்ல விலை கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு.