அறுபத்திரண்டு குத்துகளுக்குப் பிறகு

எங்கள் வீட்டில் இதை ஆஸ்துமா என்று யாரும் சொன்னதில்லை. அம்மம்மாவுக்கு அது முட்டு, அம்மாவுக்குத் தொய்வு. எனக்கு வந்தபோதுதான் ‘கடுமையான ஒவ்வாமை ஆஸ்துமா’ என்ற முழுப் பெயர் கிளினிக் கொப்பியில் ஏறியது. அதற்காக நான் போட்டுக்கொள்ளும் மருந்து ஓமாலிசுமாப் என்ற ஊசி. நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை, தடவைக்கு இரண்டு குத்துகள். இதுவரை 31 தடவைகள். இரண்டரை ஆண்டு ஆகப்போகிறது. போடலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். ஊசியைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை.

நான் திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தின் பதிவறையில் இலிகிதர். நாற்பது ஆண்டுப் பழைய கோப்புகளோடு வேலை. தோலில் குத்திப் பார்த்த பரிசோதனையில் வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிக்குக் கை தடித்து எழும்பியபோது எனக்கு வியப்பில்லை. வைகாசி தொடக்கம் கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். கார்த்திகையில் வாடை தொடங்கினால் சுவரெல்லாம் பூஞ்சணம். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சில வாரங்கள்தான் எனக்கு நல்ல காலம்.

கொழும்பில் மார்பு நோய் நிபுணரிடம் முதல் முறை போனபோது ஊசியைக் கேட்டுத்தான் போனேன். கனடாவில் இருக்கும் அக்கா தொலைபேசியில் சொல்லியிருந்தார். வைத்தியர் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. “உங்கள் இன்ஹேலரை எடுங்கள், என் முன்னால் இழுத்துக் காட்டுங்கள்” என்றார். பதினொரு ஆண்டுகளாக இழுக்கிறேன், என்னிடமே பரீட்சையா என்று உள்ளுக்குள் எரிச்சல். இழுத்தேன். நான் முதலில் அழுத்திவிட்டுப் பிறகு மூச்சை இழுக்கிறேன், மருந்து பாதிக்குமேல் தொண்டையில்தான் படிகிறது என்றார். இழுத்தபின் பத்து விநாடி மூச்சைப் பிடிப்பதும் இல்லை, வாய் கொப்பளிப்பதும் இல்லை. இன்ஹேலரில் பொருத்தி இழுக்கும் ஸ்பேசர் குழாய் ஒன்றை எழுதித் தந்து, மூன்று மாதம் ஒழுங்காக எடுத்துவிட்டு வரச் சொன்னார். அவமானமாக இருந்தது. ஆனால் ஊசியைப் பற்றிக் கேட்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இன்ஹேலரைச் சரியாக இழுத்தும் அடங்காத ஆஸ்துமாவுக்குத்தான் இந்த ஊசி. சரியாக இழுக்காத ஆஸ்துமாவுக்கு அது வீண் செலவு.

எனக்கு ஓரளவு குறைந்தது, அடங்கவில்லை. பிறகு இரத்தம் எடுத்தார்கள். ஒவ்வாமையைத் தூண்டும் ஐ.ஜி.ஈ என்ற எதிர்ப்பொருளின் அளவு 186, என் நிறை 64 கிலோ. இந்த இரண்டையும் ஓர் அட்டவணையில் வைத்துத்தான் அளவைத் தீர்மானிக்கிறார்கள். எனக்கு 300 மில்லிகிராம், நான்கு வாரத்துக்கு ஒரு முறை. நிறையோ எண்ணோ கூடினால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றும் ஆகலாம். அப்படியானால் செலவும் கூடும். காத்திருப்பு அறையில் சந்தித்த ஓர் ஐயாவுக்கு எண் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. அட்டவணை 1500-க்கு மேல் போவதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எண் பெரிதாக இருந்தால் மருந்து நிச்சயம் என்று நினைத்து வந்தவர் அவர். குடலில் புழு இருந்தாலும் அந்த எண் ஏறுமாம். அதனால் எனக்கு முதலில் பூச்சிக் குளிசை கொடுத்த பிறகே இரத்தம் எடுத்தார்கள். ஈயோசினோபில் என்ற ஒரு வகை வெள்ளை இரத்த அணுக்களையும் எண்ணினார்கள். அவை மிகுந்திருப்பவர்களுக்கு வேறு ஊசிகள் உண்டு.

எல்லாம் பொருந்தியது. அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது.

ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு இந்த ஊசியே உடல் முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்ற மருந்து. 2007-இல் அங்கே இந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போட வைத்தார்கள். முதல் ஊசியிலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். ஒவ்வாமைக்கான மருந்து ஒவ்வாமையைத் தருமா என்று நான் கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை. என் மனதில் ஓடியது ஒரே காட்சி: ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில், யானை கடக்கும் காட்டுப் பாதையில், கொழும்பிலிருந்து ஊர் திரும்பும் இரவு பஸ்ஸில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பக்கத்து வீட்டு மாமி வேறு, “ஊசி தொடங்கினால் சாகும்வரை ஊசிதான் பிள்ளை” என்றார். இதே மாமிதான் முன்பு இன்ஹேலருக்கும் அதைச் சொன்னவர்.

முடிவெடுக்க வைத்தது என் கிளினிக் கொப்பி. ஒரு கச்சான் காலத்து இரவு, மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி அதைப் பின்னோக்கிப் புரட்டினேன். இரண்டு ஆண்டுகளில் ஏழு முறை, இழுப்பு முற்றினால் எடுக்கும் ஸ்டீரொயிட் மருந்தான பிரெட்னிசலோன் குளிசை, ஒவ்வொன்றும் ஏழு நாள். அதற்கிடையில் சீனி ஏறியிருந்தது. 44 வயதில் கண் வைத்தியர் வெண்படலம் தொடங்குகிறது என்று எழுதியிருந்தார். முகம் ஊதி வற்றி ஊதி வற்றி, அடையாள அட்டைப் படத்தில் இருப்பவள் யாரோ என்று ஆகியிருந்தது. ஊசியால் என்ன ஆகுமோ என்று அஞ்சிக்கொண்டிருந்த நான், ஊசி போடாததால் ஏற்கெனவே என்ன ஆகிவிட்டது என்பதைக் கூட்டிப் பார்க்கவே இல்லை. ஆயிரத்தில் ஒன்று எனக்கு வராமலும் போகலாம். அந்த ஏழும் வந்துவிட்டவை. விடிந்ததும் என் கணவரிடம் சொன்னேன். “காசை நான் பார்க்கிறேன்” என்றார். பிறகுதான் தெரிந்தது, பார்ப்பதற்கு என் சங்கிலியும் சேர்ந்திருந்தது என்று.

முதல் மூன்று ஊசிக்கும் இரண்டு மணி நேரம் மருத்துவமனையிலேயே இருத்தினார்கள். பிறகு அரை மணி நேரம். காட்டுப் பாதைப் பயத்துக்கு மருந்தாக அந்த மூன்று இரவும் கொழும்பிலேயே, வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. தூள் மருந்து கரைய இருபது நிமிடம் வரை எடுக்கும். தாதி குப்பியைக் குலுக்காமல் மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்பார். கரைந்தும் அது தேன்போல் தடித்திருக்கும், அதனால் மெதுவாகத்தான் ஏற்ற முடியும். இரண்டு கைக்கும் ஒவ்வொன்று. குத்திய இடம் ஒரு நாள் தடித்திருக்கும், சில தடவை தலையிடி. அவ்வளவுதான்.

முதல் இரண்டு மாதம் எந்த மாற்றமும் இல்லை. சங்கிலி போன எரிச்சலில் இருந்தேன். 16 வாரம் ஆனபின் மதிப்பிட்டு, பயன் இல்லையென்றால் நிறுத்திவிடுவோம் என்று வைத்தியர் முதலிலேயே சொல்லியிருந்ததால்தான் பொறுத்தேன். பதின்மூன்றாவது வாரமளவில் ஒரு காலை, ஒரே தலையணையில் படுத்தபடி விழித்தேன். மற்ற இரண்டும் தரையில் கிடந்தன. இந்த இரண்டரை ஆண்டில் பிரெட்னிசலோன் இரண்டு முறைதான். இன்ஹேலரை விடவில்லை, விடவும் கூடாது. இந்த ஊசி, வந்துவிட்ட இழுப்பை நிறுத்துவதற்கானதும் அல்ல. அதற்குப் பையில் நீல நிற இன்ஹேலர் இன்னும் இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு இப்போது நிற்காமல் ஏறுகிறேன். உள்ளே கற்பூரப் புகை எழுந்ததும் முன்போலவே நெஞ்சு இறுகுகிறது. புகை எரிச்சலூட்டுவது, ஒவ்வாமை அல்ல. ஊசிக்கு அதில் வேலை இல்லை என்றார் வைத்தியர். நான் இதை முன்பே கேட்டிருக்க வேண்டும். இப்போது வெளிப்பக்கம் நின்று கடலைப் பார்த்தபடி கும்பிடுகிறேன்.

செலவைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், குத்தை விடப் பயணமும் பணமும்தான் வலி. எட்டாவது தடவைக்குப் பிறகு இங்கேயே ஊசி போட ஒரு வைத்தியர் ஒத்துக்கொண்டார். கொழும்பிலிருந்து மருந்தை ரெஜிபோம் பெட்டியில் நான்தான் எடுத்து வருகிறேன். இரண்டு முதல் எட்டு பாகை வரை குளிர்ச்சி இருக்க வேண்டும், உறையவும் கூடாது. அதனால் ஐஸ் பொதிக்கும் குப்பிக்கும் நடுவில் ஒரு துவாயைச் சுற்றுவேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மீன் என்று நினைத்து முகத்தைச் சுளிப்பார்கள். சென்ற ஆண்டு வாங்குமிடத்தில் இருப்பு இல்லை என்று பயணப்பட்டுப் போன பிறகு சொன்னார்கள். முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு வாரம் தள்ளிப்போனது. அந்த ஆறாவது வாரம் நெஞ்சில் பழைய விசில் மெல்லக் கேட்டது.

ஆகவே நிறுத்திப் பார்க்கலாமா என்று வைத்தியர் சென்ற முறை கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. வாடை முடியட்டும், தைப்பொங்கல் கழித்துக் கேளுங்கள் என்றேன். கொப்பியில் ‘தை’ என்று மட்டும் எழுதி வட்டமிட்டார்.