மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பச் சொல்லும் கிளினிக்

மனப்பதற்றத்துக்கு எஸ்சிடாலோபிராமும் இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலாலும் எடுத்து வரும் எனக்குச் சில மாதங்களாகத் தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லாமல் போனதால், அண்ணா நகரிலுள்ள இந்த ஆண்கள் நலக் கிளினிக்குக்குச் சென்றேன். மின்சார ரயில் பெட்டிகளில் 'ஆண்மைக் குறைவா?' என்று ஒட்டியிருக்கும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இறைப்பவர்கள் முதலில் இங்கே வருவது நல்லது.

வழக்கமாகச் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுவருமாறு முன்பதிவின்போதே சொல்லிவிடுகிறார்கள். மருத்துவர் அவற்றை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்புறத்தில் அச்சிட்டிருந்த பெயரையும் அளவையும் படித்து, எந்த மருந்தை எப்போது தொடங்கினேன், நாட்டம் எப்போது குறைந்தது என்பதை அருகருகே தாளில் குறித்துக்கொண்டார். மூளையில் செரோடோனினின் செயல்பாட்டைக் கூட்டிப் பதற்றத்தைத் தணிக்கும் இவ்வகை மாத்திரைகள் ஆசையை மங்கச் செய்து உச்சநிலையையும் தாமதப்படுத்தக்கூடும் என்றும், பெண்களுக்கும் இது நேர்வதுண்டு என்றும், கேட்பவர் கூசாதபடி விளக்கினார். அட்டெனலால் போன்ற, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் பழைய பீட்டா பிளாக்கர்கள் மீதும் இதே புகார் உண்டு. இரத்த அழுத்தத்துக்கான மற்றொரு மருந்தான டெல்மிசார்டான் வகையில் இந்தத் தொல்லை குறைவு. முடி உதிர்வுக்காக ஃபினாஸ்டரைடு எடுக்கிறேனா என்றும் கேட்டார். தலைமுடிக்கான மாத்திரையைப் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் அந்த 1 மில்லிகிராம் மாத்திரை ஆண் ஹார்மோன் ஒன்று உருவாவதைத் தடுப்பதால், சிலருக்கு விறைப்பும் ஆசையும் குறையலாம்.

"நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், பீட்டா பிளாக்கரைத் திடீரென்று விட்டால் இதயத்துக்கே ஆபத்து" என்று எச்சரித்தவர், மருந்தை மாற்றுவது பற்றி முடிவெடுக்க என் மனநல மருத்துவருக்கும் இதய மருத்துவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதிக் கொடுத்தார். சர்க்கரை நோயே இப்பிரச்சினைக்குக் காரணமாக இருக்கலாம் என்பதால் அதற்கும், டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களின் அளவுகளுக்கும் காலையில் வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். விறைப்புக்கு உதவும் சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையை எழுதித் தருமாறு நானே கேட்டபோதும், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்கிறேனா என்று விசாரித்த பிறகே பேச்சைத் தொடர்ந்தார். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரிந்துவிடும். இதைக் கேட்காமலேயே அட்டையை எடுத்து நீட்டும் மருந்துக் கடைகள் நம் ஊரில் இருக்கத்தான் செய்கின்றன.

குறைகளும் உண்டு. வரவேற்பு மேசையில் இருந்தவர், காத்திருப்போர் அனைவரும் கேட்கும்படி "உங்களுக்கு என்ன சார் பிரச்சினை?" என்று உரக்கக் கேட்டது, இப்படிப்பட்ட ஓர் இடத்தில் மன்னிக்க முடியாத அலட்சியம். கீழ்த்தளத்து மருந்தகத்தில், சீட்டில் இல்லாத 'சத்து' கேப்ஸ்யூல் ஒன்றையும் சேர்த்துக் கட்டப் பார்த்தார்கள். பில்லைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இரத்த அழுத்த மாத்திரை மாற்றப்பட்டு, பதற்ற மாத்திரையின் அளவும் மனநல மருத்துவரின் மேற்பார்வையில் குறைக்கப்பட்ட பின் எனக்கு ஓரளவு முன்னேற்றம் தெரிகிறது. முழுமையாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மனைவியையும் அழைத்துச் செல்லலாம். இருவரிடமும் தனித்தனியே பேசுகிறார்கள், அதற்காகக் கூடுதல் கட்டணம் வாங்கவில்லை.