பெருக்கல் மணிப் பலகை: வாங்கலாமா?

மரப்பலகை, வரிசைக்கு 10 வீதம் 100 குழிகள், அவற்றில் வைக்க 100 சிவப்பு மணிகள். மாண்டிசோரி வகுப்புகளில் இருக்குமே, அதே பெருக்கல் பலகைதான். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்காக வாங்கினேன். வாய்ப்பாட்டைக் கடகடவென ஒப்பிப்பாள், நடுவில் நிறுத்தி "ஆறேழு எவ்வளவு?" என்று கேட்டால், முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால்தான் விடை வரும்.

பலகையில் நான்கு நான்காக மூன்று வரிசை அடுக்கினாள். பலகையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். மும்மூன்றாக நான்கு வரிசை! மணி ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. "அப்போ ரெண்டும் ஒண்ணுதானாம்மா?" என்றாள். இந்த ஒன்று பிடிபட்டால் 10 வரையிலான 100 பெருக்கல்கள் 55 ஆகச் சுருங்கிவிடும். அதிலும் 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் சுலபம். அவற்றைக் கழித்தால் உண்மையில் உழைக்க வேண்டியவை 21 மட்டுமே. பிள்ளைகளின் பயத்தை இதைவிட நன்றாகப் போக்கும் கணக்கு எனக்குத் தெரியாது.

7×8 போன்றவற்றுக்கு, எட்டெட்டாக ஏழு வரிசை அடுக்கி, வரிசைகளின் ஐந்தாவது மணியை அடுத்து மேலிருந்து கீழாக ஒரு நூலை வையுங்கள். ஒரு பக்கம் 35, மறுபக்கம் 21, கூட்டினால் 56.

குறை? குழிகளின் ஆழம் போதாது, லேசாகத் தட்டினாலே மணிகள் உருண்டோடுகின்றன. எண் அட்டைகளும் மெல்லியவை. மணிகள் மிகச் சிறியவை என்பதால், வாயில் போடும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.