ஒரு மாத சிகிச்சையா, ஆறு மாத மையமா?

அண்ணனைக் குடிநோய் சிகிச்சைக்குச் சேர்க்க வேண்டிய நிலை வந்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மனநல மருத்துவர் உள்ள மருத்துவமனையில் ஏறக்குறைய ஒரு மாதம் தங்கவைத்து, அப்புறம் தொடர்ந்து வரச்சொல்லிப் பார்ப்பது. இன்னொன்று, ஊருக்கு வெளியே மூன்று மாதம், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளும் மறுவாழ்வு மையம். நாங்கள் முதல் வழியில் போனோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

உள்ளே இருக்கும்வரை இரண்டிலும் ஆள் குடிக்க மாட்டார். செலவு இடத்துக்கு இடம் மாறும். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் நான்கைந்து நாட்களுக்குள் வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது டாக்டர் இல்லாத இடம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

சரி, வீடு திரும்பியபின் என்ன? எல்லாமே அதில்தான் இருக்கிறது. நீண்டகால மையத்துக்காகப் பேசுபவர்கள் 90 நாள் கணக்கைச் சொல்வார்கள். அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனமும் 90 நாளுக்குக் குறைந்த சிகிச்சைக்குப் பலன் குறைவு என்றே சொல்கிறது. ஆனால் வெளிநோயாளியாக வந்துபோகும் நாட்களும் அந்தக் கணக்கில் சேரும். சம்பள நாள், கல்யாண வீடு, பழைய கூட்டாளியின் போன், வேலைக்குப் போகும் வழியில் டாஸ்மாக் என்று குடிக்க இழுப்பவை எல்லாம் வெளியே இருக்கின்றன. அவற்றோடு மோதும் மாதங்களில் கவுன்சலர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதம் உள்ளே வைத்திருந்து, வாசலோடு கைகழுவிவிடும் மையத்தில் அது கிடைக்காது.

அண்ணனுக்கு முதலில் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை கவுன்சலிங். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை அண்ணி பார்க்க அவரே போட்டுக்கொண்டார். (குடிப்பவருக்குத் தெரியாமல் இதைச் சாப்பாட்டில் கலப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். மேலே குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.) மாலையில் சர்ச் ஹாலில், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம், கட்டணம் கிடையாது. அண்ணிக்கும் தனியாகக் கவுன்சலிங் இருந்தது. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மையத்திலும் குடும்பத்துக்கான சிகிச்சை உண்டு. இது இல்லாத இடத்தை நான் யோசிக்கவே மாட்டேன்.

ஒரு தீபாவளிக்கு அண்ணன் மறுபடி குடித்தார். போதையிலிருந்து மீள்பவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் இப்படிச் சறுக்குவதாக அதே அமெரிக்க நிறுவனம் சொல்கிறது. மறுநாளே அண்ணி கவுன்சலருக்குப் போன் செய்ததால் அது ஒரு நாளோடு நின்றது. இப்போது ஒழுங்காக வேலைக்குப் போகிறார். கடன் இன்னும் முடியவில்லை. மகள் அவரோடு அளந்துதான் பேசுகிறாள். குடி நின்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நீண்டகால மையம் சிலருக்குத் தேவைதான். திரும்பிப் போக வீடில்லாதவர், வீட்டில் இன்னொருவரும் குடிக்கிறார் என்ற நிலையில் இருப்பவர், இவர்களை ஒரு மாதத்தில் வெளியே அனுப்புவது சரியல்ல. மையம் பதிவு பெற்றதா என்று பாருங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி உள்ளே இருப்பவருக்கு வீட்டோடு போனில் பேசவும் உரிமை உண்டு. அதை மறுக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

என் அனுபவம் குடியோடு சரி. ஹெராயின், போதை ஊசி என்றால் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சில மாதம் விட்டிருந்தால் உடம்பின் தாங்குசக்தி குறைந்துவிடும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். ஹெராயின் ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின் போன்ற மருந்தை வெளியே வந்தபின்னும் தொடர்ந்து கொடுப்பார்களா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். விசாரிக்க அரசின் கட்டணமில்லா எண் 14446.