கனடா யுனிவர்சிட்டி சீட் என்று நம்பி 4,12,000 ரூபாய் போச்சு. பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த ஆபீஸ் படியிறங்கி வந்தோம். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆத்திரம் ஆறின பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். கனடாவில் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளும், அவர்களுக்காகப் பணம் புரட்டும் அப்பா அம்மாக்களும் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எங்கள் வீட்டிலிருந்து போனது 4,12,000 ரூபாய்.

எனக்குத் திருச்சி. 2022-ல் பி.இ. முடித்துவிட்டு சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கனடாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும் என்று ஒரு வருடமாக நானே தேடித் தேடி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். டொரான்டோ, வான்கூவர் பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகங்களின் ஃபீஸ் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் நியூஃபவுண்ட்லாந்தில் இருக்கும் மெமோரியல், பிறகு ரெஜினா, விண்ட்சர், நியூ பிரன்ஸ்விக், தண்டர் பேயில் இருக்கும் லேக்ஹெட் என்று ஐந்து பெயர். ஐந்துமே அரசு நிதியில் நடக்கும் பல்கலைக்கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஃபீஸ், வாடகை, கடைசித் தேதி, ஆய்வு செய்து முடிக்கும் படிப்பா இல்லை பாடம் மட்டும் படித்து முடிப்பதா என்று கட்டம் கட்டி எழுதியிருந்தேன்.

இவ்வளவு எழுதி வைத்தவள் ஏன் கன்சல்டன்சிக்குப் போனாய் என்று கேட்பீர்கள். விசா பயம்தான். 2024 ஜனவரியில் கனடா மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட்டதிலிருந்து தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் ரிஜெக்ட், ரிஜெக்ட் என்றுதான் சொன்னார்கள். ஒரு கையெழுத்து தப்பாகப் போய் எல்லாம் வீணாகிவிடக் கூடாதே என்று, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்துக்குப் போனோம். பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

முதல் நாள் அந்தக் கவுன்சிலர் அக்கா என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "இவ்ளோ ஹோம்வொர்க் பண்ணிட்டு வர்ற பொண்ண நான் பார்த்ததே இல்லப்பா" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. டீ வந்தது. அப்பாவுக்குச் சுகர் என்பதால் வேண்டாம் என்றார். பத்து நாள் கழித்து இரண்டாவது தடவை போனபோது, நாங்கள் உட்காரும் முன்பே உள்ளே திரும்பி, "அப்பாவுக்குச் சக்கர இல்லாம ஒரு டீ" என்று குரல் கொடுத்தார் அந்த அக்கா. எத்தனையோ பேர் வந்து போகிற இடத்தில் இதை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று அப்பாவுக்கு ஆச்சரியம். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "நல்ல பொண்ணும்மா, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்றார். நாங்கள் நம்பியது அந்த ஒரு டம்ளர் டீயைத்தான். எந்த ஆவணத்தையும் நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை.

அன்றைக்கே 59,000 கட்டினோம். 50,000 சர்வீஸ் சார்ஜ், மீதி ஜிஎஸ்டி. ஐந்து பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் என்று தலைக்கு 11,000 வீதம் 55,000. பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்துக்கு வாங்குவது பெரும்பாலும் 100, 150 டாலர்தான் என்பது என் நோட்டிலேயே இருந்தது. கேட்டேன். "பிராசசிங், கூரியர் எல்லாம் சேர்த்துடா" என்றார். விட்டுவிட்டேன்.

அடுத்தது மெயில் ஐடி. என் பெயரில் புதிதாக ஒரு மெயில் ஐடியை அவர்களே உருவாக்கினார்கள். பாஸ்வேர்டு அவர்களிடம். "நீங்க ஆபீஸ் போற பொண்ணு, ஒரு மெயில விட்டுட்டா சீட் போயிடும், நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள். ஆய்வுப் படிப்பு என்றால் பேராசிரியர்களுக்கு நாமே எழுதிக் கேட்க வேண்டும் என்று படித்திருந்தேன். அதையும் "நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள். விசா எப்படி என்று அப்பா கேட்டதற்கு, "எஸ்.டி.எஸ். ரூட்ல போட்டா 20 நாள்லப்பா" என்றார் அந்த அக்கா. இது நடந்தது 2025 செப்டம்பரில். எஸ்.டி.எஸ். என்ற அந்த விரைவு வழியைக் கனடா அரசு 2024 நவம்பர் 8-ம் தேதியே மூடிவிட்டது. எங்களுக்கு அது தெரியாது. இதையே தொழிலாக வைத்திருக்கும் அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

நவம்பரில் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக ஸ்கிரீன்ஷாட் வந்தது. வருந்துகிறோம், வருந்துகிறோம். ஐந்தும் ரிஜெக்ட். ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன். மறுநாளே அந்த அக்கா போன். "கவலையே படாத, உனக்குன்னு ஒண்ணு பேசி வெச்சிருக்கேன். வான்கூவர் பக்கம், ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ், முடிச்சா மூணு வருஷம் ஒர்க் பர்மிட். ஒரே ஒரு சீட்தான் இருக்கு." ஆஃபர் லெட்டரில் மாஸ்டர்ஸ் என்ற வார்த்தையே இல்லை, கிராஜுவேட் டிப்ளமா என்று இருந்தது. கேட்டேன். "கனடாவுல மாஸ்டர்ஸ் லெட்டர் அப்படித்தான்டா வரும்" என்றார்.

டெபாசிட் 2,98,000. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் சீட் வேறு ஆளுக்கு என்றார்கள். நான் சென்னையில் ஆபீஸில் இருந்தேன். அப்பா, அம்மாவின் நான்கரை பவுன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து, மூன்றே முக்காலுக்குப் பணத்தை அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்து, "கட்டியாச்சும்மா, இனி நீ படிப்ப மட்டும் பாரு" என்றார். பணம் போனது கல்லூரிக் கணக்குக்கு இல்லை. கன்சல்டன்சியின் கரண்ட் அக்கவுண்டுக்கு. ரசீதும் அவர்கள் லெட்டர்பேடில்தான். 59,000, 55,000, 2,98,000. கூட்டினால் 4,12,000.

அடுத்து 22,895 கனடா டாலரை அங்குள்ள வங்கியில் ஜி.ஐ.சி. என்ற டெபாசிட்டாகப் போடச் சொன்னார்கள். செலவுக்குக் கையில் இவ்வளவு இருக்கிறது என்று காட்ட வேண்டிய தொகை அது, 2025 செப்டம்பரிலிருந்து அதுதான் கணக்கு. அது உண்மைதான், பொய் இல்லை. நம்ம பணத்தில் 14 லட்சத்துக்கு மேல். அதற்குக் கடன் கேட்டு அப்பா அலைந்துகொண்டிருந்தபோதுதான், ஹாலிஃபாக்ஸில் படிக்கும் என் காலேஜ் சீனியர் அக்காவுக்கு ஆஃபர் லெட்டரை அனுப்பி வைத்தேன். சந்தோஷத்தைச் சொல்லத்தான் அனுப்பினேன். அவர் வாழ்த்து சொல்லவில்லை. "இது பிரைவேட் காலேஜ் ஆச்சே. டி.எல்.ஐ. லிஸ்ட்ல பி.ஜி.டபிள்யூ.பி. கட்டத்தைப் பார்த்தியா?" என்று கேட்டார்.

வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள அனுமதி உள்ள கல்வி நிறுவனங்களின் பட்டியல் கனடா அரசின் குடிவரவுத் துறை இணையதளத்திலேயே இருக்கிறது. அதுதான் டி.எல்.ஐ. பட்டியல். மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு நிறுவனத்தின் பெயர், ஊர், எண், அங்கே படித்தால் பிறகு வேலை அனுமதி (அதுதான் பி.ஜி.டபிள்யூ.பி.) கிடைக்கிற படிப்பு இருக்கிறதா இல்லையா எல்லாம் வரிசையாக வரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, வான்கூவர் இருக்கும் மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவைத் திறந்து தேடினேன். அந்தக் கல்லூரி பெயர் இருந்தது. கடைசிக் கட்டத்தில் ஒரே வார்த்தை. நோ.

அதாவது, இரண்டு வருடம் அங்கே படித்து முடித்தாலும் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடையாது. கையில் இருப்பது மாஸ்டர்ஸும் கிடையாது. பட்டம் தர அனுமதி இல்லாத தனியார் கல்லூரி டிப்ளமாவுக்கு அந்த அனுமதி இல்லை என்பது நேற்று வந்த விதி இல்லை, ரொம்ப நாளாக இருப்பது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அந்த 14 லட்சத்தையும் வட்டிக்கு வாங்கியிருப்போம்.

விடியும் வரை தூங்கவில்லை. என் சொந்த மெயிலிலிருந்து ஐந்து பல்கலைக்கழக அட்மிஷன் அலுவலகங்களுக்கும் எழுதினேன். மூன்று இடத்திலிருந்து பதில் வந்தது. மூன்றிலும் ஒரே விஷயம்: உங்கள் பெயரிலோ பிறந்த தேதியிலோ எங்களுக்கு எந்த விண்ணப்பமும் வரவில்லை. விண்ணப்பமே போடவில்லை! ரிஜெக்ட் ஆனதென்று நான் பாத்ரூமில் அழுதது எதற்கு? நான் லாயக்கில்லை என்று மூன்று மாதம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேனே, அதற்கு யார் பதில் சொல்வது? இப்படிப்பட்ட கல்லூரிகளில் ஆள் சேர்த்துவிட்டால் ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு. நான் எழுதி வைத்த ஐந்து இடத்தில் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? அதுதான் காரணம், வேறு என்ன.

அதன் பிறகு பணத்தைக் கேட்டு நடந்த நடை இருக்கிறதே. முதல் போனுக்கு, "மேனேஜர் லீவுல இருக்கார், வந்ததும் பேசச் சொல்றோம்." இரண்டாவதற்கு, "ஃபைல் ஹெட் ஆபீஸ் போயிருக்கு மேம்." மூன்றாவதற்கு, மெயில் போடுங்கள், 45 வேலை நாளில் பதில் வரும் என்றார்கள். அந்த அக்காவுக்கு அனுப்பிய மெசேஜில் இரண்டு நீல டிக் விழுந்தது. அடுத்த நாள் அவர் போட்டோவே காணவில்லை, பிளாக். ஆபீஸில் கேட்டால் அவர் வேலையை விட்டுவிட்டாராம். கல்லூரிக்கே எழுதினேன். எங்களுக்கு வந்தது 1,000 டாலர்தான், அதுவும் ஒப்பந்தப்படி திருப்பித் தர முடியாது என்று எழுதிவிட்டார்கள். 1,000 டாலர் என்றால் 65,000 ரூபாய் வரும். அம்மாவின் சங்கிலியை வைத்துக் கட்டிய 2,98,000-ல் மீதி எங்கே?

நேற்று அப்பாவையும் அழைத்துக்கொண்டு நேரில் போனேன். பதினொரு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். அதே சோபா. ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மதியம் அப்பாவுக்கு மாத்திரை போடும் நேரம் தாண்டியதால் நான் கீழே இறங்கிப் போய் நாலு இட்லி வாங்கி வந்தேன். சோபாவில் வைத்துச் சாப்பிடக் கூடாது என்றார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார் அப்பா. நாலு மணிக்கு மேனேஜர் என்று ஒருவர் வந்தார். நான் முதல் நாள் கையெழுத்துப் போட்ட பதினொரு பக்கத்தில் எட்டாவது பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எந்தக் கட்டணமும் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்பட மாட்டாது. "படிச்ச பொண்ணுதானே, பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கணும்" என்று அப்பா முன்னால் வைத்துச் சொன்னார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருடம் பஸ்ஸில் ஐம்பது காசு பாக்கியைக்கூடத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் அவர்.

ஸ்டேஷனுக்கும் போனோம். "கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க, இது சிவில் மேட்டர்மா" என்று சொல்லிவிட்டு மனுவை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன், 4,12,000-ஐ விடப் போவதில்லை.

என்ன செய்ய வேண்டும், கூடாது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. தோன்றுவதைச் சொல்கிறேன். பணம் கட்டும் முன் டி.எல்.ஐ. பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள், யாரோ அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். லெட்டரில் டிப்ளமா, சர்டிபிகேட் என்று இருந்தால் அது மாஸ்டர்ஸ் இல்லை. அரசுக் கல்லூரி டிப்ளமா என்றாலும் 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்குக் குறிப்பிட்ட துறைகளில் படித்தால்தான் வேலை அனுமதி, அந்தத் துறைப் பட்டியலையும் பாருங்கள். மெயில் ஐடி, பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கட்டும். விண்ணப்பம் போட்டதும் பல்கலைக்கழகம் தரும் எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். ஃபீஸ் கல்லூரியின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், நடுவில் யாரும் வேண்டாம். கனடா விசாவுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர்களுக்கு அந்த ஊர் உரிமம் இருக்க வேண்டும், உரிமம் உள்ள ஆலோசகரை ஆர்.சி.ஐ.சி. என்பார்கள், உரிம எண்ணைக் கேட்டு இணையத்தில் தேடினால் ஆள் உண்மையா என்று தெரிந்துவிடும். இன்றைக்கே கட்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று, அதைச் சொல்லத்தான் ராத்திரியோடு ராத்திரியாக எழுதுகிறேன். நேற்று நாங்கள் அந்தச் சோபாவில் இருந்தபோது ஒரு தம்பி அவன் அப்பாவோடு வந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை, மடியில் பச்சை ஃபைல். உள்ளிருந்து புதிதாக ஒரு பெண் வந்து, "சாருக்குச் சக்கர போடலாமா?" என்று கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் பதறியது. எழுந்து போய் "தம்பி, எந்தக் காலேஜ்?" என்று கேட்டேன். அவன் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் குறுக்கே வந்து என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவர்கள் இருவரையும் உள் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டார். நாங்கள் கிளம்பும் வரை அவர்கள் வெளியே வரவில்லை.

தம்பி, இது உன் கண்ணில் பட்டால், அந்தப் பச்சை ஃபைலில் இருக்கும் கல்லூரிப் பெயரை அந்தப் பட்டியலில் தேடிப் பார். கடைசிக் கட்டம். திங்கட்கிழமை உன் அப்பா வங்கிக்குப் போவதற்குள் பார்த்துவிடு.